நான் கேட்ட பச்சை

துபாய் ஜெபல் அலியில் நான் வேலை பார்க்கும் கோடவுன் வாசலில் ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் ஆள் படம் கிடையாது, வெறும் வெஸ்ட் படம்தான். சட்டைக்கு மேல் மாட்டுகிற, கையில்லாத, இருட்டிலும் பளபளக்கிற அந்த வெஸ்ட். ஆரஞ்சு வெஸ்ட் என்றால் பெட்டி தூக்குகிறவன். மஞ்சள் வெஸ்ட் என்றால் செக்கர். பெட்டியை எண்ணி, லேபிள் பார்த்து, எந்தக் கண்டெய்னரில் எது ஏறவேண்டும் என்று கை நீட்டிச் சொல்கிறவன். ஆரஞ்சு, ஆபீஸ் கண்ணாடிக் கதவைத் தாண்டக் கூடாது. மஞ்சள் தாண்டலாம். கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி.

அந்த மஞ்சளை எங்கள் ரூமில் யாரும் மஞ்சள் என்று சொன்னதில்லை. பச்சை என்றுதான் சொல்வோம். கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. மஞ்சள் கிழங்கு நிறமா அது? பூசணிப் பூ நிறமா? இல்லை. கிளிப்பச்சையில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்த மாதிரி ஒரு நிறம். கம்பெனிக்காரன் அதற்கு எல்லோ என்று பேர் வைத்தால் அது அவன் பாடு. "அவனுக்குப் பச்சை கெடச்சிருச்சு" என்றால் செக்கர் ஆகிவிட்டான் என்று அர்த்தம். ரூமில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஊரில் இருக்கும் என் மனைவிக்கே தெரியும்.

அந்தப் பச்சைக்கு ஏங்கிய மாதிரி நான் வேறு எதற்கும் ஏங்கியதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆரஞ்சு போட்டவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய், ஆரஞ்சு, இதர் ஆவ்." இங்கே வா, அவ்வளவுதான். வருஷக் கணக்கில் உங்களை அப்படிக் கூப்பிட்டால், ஏக்கம் வருகிறதா இல்லையா என்று தெரியும்.

இப்போது எங்கள் ரூமில் இருக்கும் ஒருவனைப் பற்றிச் சொல்லவேண்டும். அவனை இங்கே கூட்டி வந்ததே நான்தான். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரன். நான் லீவில் போயிருந்தபோது அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, "ஒங்க தம்பி மாதிரி நெனச்சுக்கங்க" என்று சொன்னார். நான் நினைத்துக்கொண்டேன். மேனேஜரிடம் நான்தான் ஆள் இருக்கிறது என்று சொன்னேன். வந்த அன்று எந்தக் கட்டில், எந்த பஸ், எந்த லைனில் நின்றால் சாப்பாடு சூடாகக் கிடைக்கும், எல்லாம் நான் காட்டியது. அவனும் வாய் நிறைய அண்ணே, அண்ணே என்றான். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறான். அதுதான் எரிச்சல்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவன் ஒரு காரியம் செய்தான். கம்பெனி தருகிற வெஸ்ட் எல்லாம் ஒரே அளவு. என் மேல் அது கொடியில் காய்கிற துணி மாதிரி தொங்கும். எல்லோருக்கும் அப்படித்தான். இவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ ஏறி, பஸ் மாறி, சத்வா போய், அங்கே ஒரு டெய்லரிடம் கொடுத்து, வெஸ்ட்டை உடம்புக்குப் பிடித்த மாதிரி தைத்துக்கொண்டு வந்துவிட்டான். வெஸ்ட்டில் கைவைக்கக் கூடாது, அகலத்தைக் குறைக்கக் கூடாது என்று அதே போர்டில் கீழே எழுதியிருக்கிறது. நான் காத்திருந்தேன், இவனை இன்றைக்குக் கிழிக்கப் போகிறார்கள் என்று. மேனேஜர் வந்தார், எகிப்துக்காரர், மேலும் கீழும் பார்த்தார். "நைஸ்," என்றார். போய்விட்டார்.

ஒரே ஆரஞ்சு. நான் போட்டால் கூலி, அவன் போட்டால் நைஸ்.

அந்த சீசனில் கோடவுனில் வந்து இறங்கியது எல்லாம் வேட்டைக்காரர்களின் உடுப்பு. எங்கேயோ தைத்து, இங்கே வந்து, பிரித்து அடுக்கி, அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு. பெட்டி பெட்டியாக ஆரஞ்சு வெஸ்ட், ஆரஞ்சுத் தொப்பி. அங்கே வேட்டைக்குப் போகிறவன் கண்ணைப் பறிக்கிற நிறத்தில் உடுப்பு போட்டே ஆகவேண்டும் என்று சட்டமாம். அதிலும் மாகாணத்துக்கு மாகாணம் வேறு வேறு. ஒரு இடத்தில் வெறும் ஆரஞ்சுதான் செல்லும். இன்னொரு இடத்தில் ஆரஞ்சு இல்லாவிட்டால் ரோஸ் போதும். இலை தழை அச்சடித்த ஆரஞ்சு சில இடத்தில் செல்லும், சில இடத்தில் செல்லாது, முழு ஆரஞ்சாகவே இருக்கவேண்டும். ஒரு இடத்துக்குப் போகவேண்டியது இன்னொரு இடத்துக்குப் போய்விட்டால் அங்கே அதை யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் எது எங்கே போகும் என்று தூணில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தார்கள். நான் அதைப் படத்தைப் பார்த்தே மனப்பாடம் பண்ணிவிட்டேன். இலை போட்ட பெட்டியைத் தப்பான பாலெட் பலகையில் ஒரு தடவைகூட நான் வைத்ததில்லை.

ஒருநாள் டீ குடிக்கும்போது, எங்கள் ரூமில் இருக்கும் விழுப்புரத்துக்காரர் கேட்டார். "ஏம்பா, வேட்டைக்குப் போறவன் எதுக்கு இவ்ளோ பளபளன்னு போறான்? மானு பாத்துட்டு ஓடிப்புடாது?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் இவன்தான் வாயைத் திறந்தான். போனில் பார்த்து வைத்திருந்தானாம்.

"மானுக்கு ஆரஞ்சு தெரியாதுண்ணே. அது கண்ணுக்கு மரப்பட்டை மாதிரி மங்கலாத் தெரியுமாம். மனுசனுக்கு மட்டுந்தான் இது பளிச்சுன்னு தெரியும். ஒருத்தன ஒருத்தன் மானுன்னு நெனச்சுச் சுட்டுறக் கூடாதுல்ல. அதுக்குத்தான் சட்டம்."

எல்லோரும் அவனை வாயைப் பிளந்து பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப நம்ம மேனேஜரும் மான்தான்டா. ஆரஞ்சு போட்டு முன்னாடியே நிக்கிறோம், அவருக்கு நாம தெரியிறதே இல்ல."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. இவன்தான் அதிகமாகச் சிரித்தான். கொஞ்ச நாள் கழித்துக் கேம்ப் பஸ்ஸில் ஒரு நேபாளி என்னிடம் வந்து, மேனேஜர் ஒரு மான் என்று இந்தியில் சொல்லிவிட்டுச் சிரித்தான். யார் சொன்னது என்று கேட்டேன். "ஆப்கா பாய்," என்றான். என் தம்பி சொன்னானாம். அவன் ரொம்பத் தமாஷான ஆளாம். என் நகைச்சுவைகூட அவன் வாயில் போனால்தான் விலைபோகிறது.

அந்த வேட்டைக்காரர்கள் மீதும் எனக்குப் பொறாமைதான். வேட்டைக்காரனும் ஆரஞ்சு போடுகிறான், நானும் ஆரஞ்சு போடுகிறேன். அவன் ஆரஞ்சு போட்டால் அவனைச் சுடாதே என்று அர்த்தம், அவன் உயிர் அவ்வளவு முக்கியம் என்று அர்த்தம். டாக்டரோ கடைக்காரனோ, காட்டுக்குள் எல்லோரும் ஒரே நிறம்தானாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கழற்றிவிட்டால் அவன் மறுபடி டாக்டர். நான் கழற்றினாலும் ஆரஞ்சுதான்.

இப்படி இருக்கும்போது பழைய செக்கர் விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். ஒரு பச்சை காலி. ரூமில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பிறகு வந்தவர்கள்தான் எல்லோரும். சார்ட் தெரிந்தவன் நான். வேறு யாருக்குப் போகும்?

எனக்கு ஒரு குறை இருந்தது. மேனேஜரிடம் நாலு வார்த்தை சேர்ந்த மாதிரி இங்கிலீஷில் பேச வராது. இந்தி பேசுவேன், அவருக்கு இந்தி அரைகுறை. இவனுக்கு இங்கிலீஷ் வரும், ஐடிஐ படித்தவன். அதனால் ரூமில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவனிடம் சொன்னேன்.

"நாளைக்கு நீ சாருகிட்டப் பேசுறப்ப, அண்ணனுக்குப் பச்சை வேணும்னு சொல்லு. நான் கேட்டதாவே சொல்லு."

"சொல்லிர்றேண்ணே," என்றான். தனக்கும் அது வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெங்காயத்தை மட்டும் என்னைவிட வேகமாக நறுக்கினான்.

ரெண்டு நாள் கழித்து மேனேஜர் நான் நின்ற இடத்துக்கே வந்தார். என் தோளைத் தட்டினார். "மப்ரூக்! கிரீன்!" என்றார். மப்ரூக் என்றால் வாழ்த்து. கிரீன் என்றால் பச்சை என்பது எனக்குத் தெரியாதா? அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினேன். முதல் தடவையாக அந்த மானுக்கு நான் தெரிந்தேன்.

அன்றைக்கு சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தேன்.

"பச்சை கெடச்சிருச்சு."

"நெசமாவா சொல்றீக? சும்மா வெளாடாதீக."

"மேனேஜரே வந்து கை குடுத்தாரு."

"ஆத்தாடி! இருங்க, நம்ம சந்துல ஒருத்தி நேத்துப் பீத்திக்கிட்டுத் திரிஞ்சா, அவ வீட்டுக்காரரு கத்தார்ல போர்மேன் ஆயிட்டாராம். இந்தா போறேன் அவகிட்டச் சொல்ல."

"ஊரு பூராம் சொல்லிக்கிட்டுத் திரியாத."

"சொல்லாம? பெறகு எதுக்குக் கெடச்சுச்சு?"

அவள் சொன்னது நியாயம்தான். நானும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் முதல் நாள் டூட்டி தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்தார்கள். மேனேஜர் கையில் ரெண்டு பிளாஸ்டிக் கவர். முதலில் அவனைக் கூப்பிட்டார். கவரைப் பிரித்து ஒரு வெஸ்ட்டை எடுத்து மாட்டிவிட்டார். அந்தக் கிளிப்பச்சை. நாங்கள் பச்சை என்று சொல்லும் மஞ்சள். செக்கர் என்று முதுகில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. சரி, ரெண்டு செக்கர் போடுகிறார்கள் போல என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார். கவருக்குள்ளே இருந்து வந்தது வேறு ஒன்று. கரும்பச்சை. நிஜமான பச்சை. முதுகில் பெரிய வெள்ளைச் சிலுவைக் குறி, பர்ஸ்ட் எய்ட் என்று எழுத்து. யாருக்காவது அடிபட்டால் ஓடிவந்து கட்டுப்போடுகிற ஆளாம் நான். மற்ற நேரம் எப்போதும்போல் பெட்டி தூக்கவேண்டும். கம்பெனியில் புது விதி, ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒரு பச்சை இருந்தே ஆகவேண்டும். அதற்கு முன்னால் எங்கள் கோடவுனில் அப்படி ஒரு நிறமே கிடையாது. வாசல் போர்டில் அதற்கு முந்தின வாரம்தான் சேர்த்திருந்தார்கள், எனக்கு யார் சொன்னார்கள்?

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் நின்றேன், முருங்கைக் கீரைக் கட்டு மாதிரி.

சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு அவன் முன்னால் போய் நின்றேன். அவன் கட்டிலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். விழுப்புரத்துக்காரர் குக்கரைத் திறக்காமல் எங்களையே பார்த்தார்.

"சாருகிட்ட எனக்கு என்னான்னு கேட்ட?"

"நீங்க சொன்னதத்தான் கேட்டேண்ணே."

"நான் என்ன சொன்னேன்?"

"பச்சை வேணும்னு சொன்னீக."

"நீ அத எப்படிச் சொன்ன?"

"கிரீன்னு சொன்னேன்."

"ஒனக்கு என்ன கேட்ட?"

கழற்றிய சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள் திணித்தான்.

"கேக்குறேன்ல? ஒனக்கு என்ன கேட்ட?"

"எல்லோ."

விழுப்புரத்துக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏம்பா, தனக்கு இங்கிலீஷ்ல கேட்டிருக்கான், அண்ணனுக்குத் தமிழ்ல கேட்டிருக்கான்யா!"

அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர்களும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார்தாண்ணே கேட்டாரு, ஒங்க அண்ணனுக்கு எல்லோவா கிரீனான்னு," என்றான் அவன். "புது போர்டுல கிரீன் வந்திருந்துச்சுல்ல. நீங்க அதப் பாத்துட்டுத்தான் கேக்குறீகன்னு நெனச்சேன்."

"நான் எந்தப் போர்டப் பாத்தேன்? போர்டப் பாக்க நேரம் குடுத்தா என்னய வச்சிருக்கானுக? நீ இந்த ரூமுக்கு வந்த நாள்லேருந்து அத என்னான்னு சொல்ற?"

"பச்சைன்னுதான்."

"அப்புறம்?"

"சாருகிட்டப் பேசுறப்ப எல்லோன்னுதானண்ணே சொல்லணும்."

"எனக்கும் சாருகிட்டத்தானடா பேசுன!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வேண்டுமென்றே செய்தானா, நிஜமாகவே குழம்பினானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வேண்டுமென்றே செய்திருந்தால் நல்லது. அவனை ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

மறுநாள் நானே நேராக ஆபீஸுக்குப் போனேன். பர்ஸ்ட் எய்ட் பெட்டி உள்ளேதான் இருக்கிறது என்பதால் கரும்பச்சை, கண்ணாடிக் கதவைத் தாண்டலாம். ஏசி முகத்தில் அடித்தது. அதை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

"சார், மீ நோ கிரீன். மீ எல்லோ," என்றேன்.

அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினார். "நேத்து கிரீன், இன்னிக்கு எல்லோவா?" என்பது மாதிரி இங்கிலீஷில் கேட்டுவிட்டு, கையை விரித்தார். "மாஃபி எல்லோ. ஒன்லி ஒன். கலாஸ்." இல்லை, ஒன்றுதான், முடிந்தது. அப்புறம் கோபமே இல்லாமல், "நெக்ஸ்ட் டைம், யூ," என்று என்னை நோக்கி விரலை நீட்டினார். நான் அதை நம்பவில்லை. நம்பாமல் வெளியே வந்து, முதல் பெட்டியைத் தூக்கினேன்.

இனிமேல்தான் கஷ்டம். மனைவி போட்டோ கேட்டாள்.

"பச்சை சட்டையோட ஒண்ணு எடுத்து அனுப்புங்க. சந்துல எல்லாரும் கேக்குறாக."

சொல்லிவிடலாம் என்றுதான் போனை எடுத்தேன். எப்படிச் சொல்வது? அவளிடம் இத்தனை வருஷமாகப் பச்சை, பச்சை என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். எல்லோ என்றால் அவளுக்கு என்ன தெரியும்? கரும்பச்சையிலேயே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினேன். அனுப்பிய உடனே அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, ஆஸ்பத்திரி டாக்டரு கணக்கா இருக்கீக! முதுகையும் காட்டி ஒண்ணு எடுங்க."

"ம்."

"ஒங்ககூட இருக்காரே, அந்தத் தம்பி. அவருக்கு என்ன கலரு குடுத்தாக?"

"மஞ்சள்."

"மஞ்சளா? அடப்பாவமே. அவருக்குப் பச்சை கெடைக்கலையா?"

எனக்கு உள்ளே என்னவோ குளுகுளு என்று இருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவன் எனக்குக் கீழே இருந்தான்.

"கெடைக்கல," என்றேன்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

ஆனால் அந்தச் சந்துக்கும் அவன் ஊருக்கும் ஒரு மைல்தான். சேதி போகாமல் இருக்குமா? போனது. சில நாள் கழித்துக் காலையில் அவன் தூண் பக்கத்தில் நின்று ரோஸ் தொப்பிப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். நான் ட்ராலியோடு போனேன்.

"அண்ணே, அம்மா போன் பண்ணுச்சு."

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ட்ராலியை நிறுத்தினேன். இன்றைக்கு வாயைத் திறக்கட்டும், எல்லோர் முன்னாலும் சண்டை போட்டு முடித்துக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அண்ணனுக்குப் பச்சை கெடச்சிருச்சு, ஒனக்கு ஏன்டா கெடைக்கலன்னு ஒரே அழுக."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அண்ணன் சீனியர்ல, எனக்கு அடுத்த தடவை தருவாகன்னு சொல்லிட்டேன்." பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு பெட்டி லேபிளைப் பார்த்தான். "இந்த ரோஸு எட்டாம் நம்பர் கேட்டுக்குண்ணே."

தன் அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன். அம்மா, நான்தான் செக்கர், அண்ணன் இன்னும் பெட்டிதான் தூக்குகிறார் என்று. சொல்ல அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவன் சொல்லவில்லை. இந்தப் பெரிய மனுஷத்தனமும் அவனுக்கே கிடைத்துவிட்டது, நான் மறுபடியும் கீழே.

ரோஸ் தொப்பிப் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போடவேண்டும் போல் இருந்தது. தூக்கினேன். எட்டாம் நம்பர் கேட்டுக்குக் கொண்டுபோய், லேபிள் வெளியே தெரிகிற மாதிரி, ஒழுங்காக அடுக்கினேன்.